30,000 ரூபாய்க்குள் முதல் பேஸ் கிட்டார்: எதை வாங்குவது, எதற்கு மிச்சம் பிடிப்பது?

கேள்வி சுருக்கமாக இது. கோவையில் கல்லூரியில் படிக்கும் ஒருவர். கீபோர்டு ஓரளவு தெரியும், கிட்டார் தொட்டதில்லை. இளையராஜா பாடல்களில் குரலுக்கு அடியில் தனியாக ஒரு மெட்டு ஓடுவதைக் கவனிக்க ஆரம்பித்ததிலிருந்து பேஸ் மீது ஆசை. கொஞ்ச காலம் பழகிவிட்டு சர்ச் குழுவில் வாசிக்க எண்ணம். கையில் 30,000 ரூபாய். நண்பரிடம் சும்மா கிடக்கும் 15 வாட் கிட்டார் ஆம்ப் இரவலாகக் கிடைக்கும். குடியிருப்பது மாடியில், கீழே வீட்டுக்காரர். நாலு கம்பியா ஐந்தா, ஆக்டிவா (உள்ளே பேட்டரி உள்ளது) பாஸிவா (பேட்டரி இல்லாதது), விரல் குட்டை என்பதால் சின்ன சைஸ் பேஸ் வேண்டுமா, எந்த பிராண்ட் என்று கேட்டிருக்கிறார்.

முதலில் நேரடி பதில். நாலு கம்பி, பாஸிவ், 34 அங்குல ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்), பிஜே பிக்கப் (பிக்கப் என்பது கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் பகுதி; பிஜே என்றால் அதில் இரண்டு வகையும் உண்டு, விவரம் பின்னால்). யமஹா டிஆர்பிஎக்ஸ் 174, ஐபனெஸ் ஜிஎஸ்ஆர் 180, கோர்ட் ஆக்‌ஷன் பிஜே, ஸ்குவையர் அஃபினிட்டி வரிசையில் உள்ளவை. இவற்றில் எது உங்கள் கைக்கும் அன்றைக்குக் கடையில் சொல்லும் விலைக்கும் ஒத்துவருகிறதோ அதை எடுங்கள். ஆனால் 30,000-ஐயும் பேஸிலேயே கொட்டிவிடாதீர்கள். பேஸுக்கு 20,000-ஐ ஒட்டி நிறுத்திக்கொண்டு, மிச்சத்தை அதைச் சரியாக செட்டப் செய்யவும் வாசிப்பதைக் காதால் கேட்கவும் வையுங்கள். நான் பார்த்தவரை, பேஸை வாங்கி மூலையில் சாத்தி வைத்தவர்கள் பலருக்கும் கருவி மட்டமாக அமையவில்லை. கம்பி உயரமாக நின்று விரல் வலித்திருக்கும், அல்லது வாசித்தது காதில் ஒழுங்காக விழுந்திருக்காது. இரண்டுமே கடைசி ஐந்தாறு ஆயிரத்தில் தீர்கிற பிரச்சினைகள்.

பிராண்ட் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த விலையில் எல்லாமே இந்தோனேசியாவிலோ சீனாவிலோ பெரிய தொழிற்சாலைகளில் கணினி வெட்டும் இயந்திரங்களில் உருவாகிறவை. கொரியாவின் கோர்ட் நிறுவனம் இந்தோனேசியாவில் வைத்திருக்கும் ஆலை தன் பெயரில் மட்டுமின்றி வேறு பெரிய பிராண்டுகளுக்கும் கிட்டார் செய்து கொடுக்கிறது. ஆக, இன்டர்நெட்டில் யமஹாவா ஐபனெஸா என்று பக்கம் பக்கமாகச் சண்டை போடுகிறவர்களை ஓரமாக விட்டுவிடலாம். எந்த மரம் என்ற சண்டையை அதைவிட ஓரமாக விடலாம். ஒரே மாடலின் இரண்டு பீஸ்களுக்கு நடுவே இருக்கும் வித்தியாசம், இரண்டு பிராண்டுகளுக்கு நடுவே இருப்பதைவிடப் பெரிதாக இருக்கும். அதனால்தான் நேரில் போய் வாசித்துப் பார்த்து எடுப்பது நல்லது. சென்னை வர வாய்ப்பிருந்தால் அண்ணா சாலையில் இருக்கும், 1842-இல் தொடங்கிய மியூஸி மியூசிக்கல் மாதிரியான கடைகளில் நாலைந்து மாடல்களை மடியில் வைத்துப் பார்க்கலாம். கோவையிலும் கடைகள் இருக்கின்றன. போவதற்கு முன் போன் செய்து, பேஸ் ஸ்டாக்கில் உண்டா, அதுவும் ஒன்றுக்கு மேல் உண்டா என்று கேட்டுவிட்டுப் போங்கள். பல கடைகளில் சுவர் முழுக்க அக்கூஸ்டிக் கிட்டார் தொங்கும், பேஸ் ஒன்றுதான் இருக்கும்.

கடையில் வாசிக்கத் தெரியாதே என்று கூச்சப்பட வேண்டாம், நீங்கள் செய்ய வேண்டிய சோதனைக்கு வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை. முதலில் ட்யூன் செய்து தரச் சொல்லுங்கள். ஃப்ரெட் என்பது நெக்கில், அதாவது கம்பிகள் ஓடும் நீண்ட கழுத்தில், குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டை. பிறகு தடித்த இ கம்பியை இடது கையால் முதல் ஃப்ரெட்டிலும், வலது கையால் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். கம்பி இப்போது நேர்கோடு. நடுவில், ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே விசிட்டிங் கார்டு நுழையும் அளவு, ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் நெக் நன்றாக இருக்கிறது. இடைவெளியே இல்லையென்றால் நெக் முழு நேராகவோ பின்பக்கம் வளைந்தோ இருக்கிறது, கம்பி ஃப்ரெட்டில் அடித்து ‘பஸ்’ (buzz) என்ற இரைச்சல் வரும். பெரிய இடைவெளி என்றால் முன்பக்கம் வளைந்திருக்கிறது. நெக்குக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியை ஆலன் கீயால் கொஞ்சம் திருகினால் இரண்டுமே சரியாகும், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த ட்ரஸ் ராட் திரும்பவே மறுத்தால் அந்தக் கருவியை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

அடுத்து ஆக்‌ஷன், அதாவது கம்பியின் உயரம். பதினேழாவது ஃப்ரெட்டில் இ கம்பி 2.4 மில்லிமீட்டர், ஜி கம்பி 2 மில்லிமீட்டர் அளவில் இருப்பது ஃபெண்டர் நிறுவனமே சொல்லும் கணக்கு. ஆலையிலிருந்து வரும் மலிவு பேஸ்கள் பெரும்பாலும் இதைவிட உயரமாகத்தான் வரும். கம்பி தாழ்வாக இருந்து பஸ் அடித்தால் வாங்குகிறவர் குறை சொல்வார், உயரமாக இருந்தால் தன் விரலைத்தானே நொந்துகொள்வார்! அதன் பிறகு ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக, நிதானமாக, ஒரே பலத்தில் மீட்டிக்கொண்டே போங்கள். எங்காவது நோட் சட்டென்று செத்துப்போகிறதா என்று கேளுங்கள். ஜி கம்பியில் ஐந்திலிருந்து ஏழாவது ஃப்ரெட்டுக்குள் கொஞ்சம் மங்குவது இந்த வகை பேஸ்களில் சகஜம், விலை உயர்ந்தவற்றிலும் உண்டு. வேறெங்கோ ஒரு ஃப்ரெட்டில் மட்டும் பஸ் அடித்தால் அந்த ஃப்ரெட் தூக்கிக்கொண்டிருக்கிறது, வேறு பீஸ் கேளுங்கள். கடைசியாக நெக்கின் ஓரத்தில் உள்ளங்கையை வைத்து மேலும் கீழும் தேய்த்துப் பாருங்கள். ஃப்ரெட் முனைகள் கையைக் கீறினால் அதுவும் தள்ளுபடிக்கான பேச்சைத் தொடங்க நல்ல இடம்.

வாங்கியதும் நேராக செட்டப் செய்கிறவரிடம் கொண்டு போங்கள். புதுசுக்கு எதற்கு சர்வீஸ் என்று கடைக்காரர் சிரிப்பார். ஊரில் கிட்டார் டெக்னீஷியன் யார் என்று சர்ச் குழுவிலோ லைட் மியூசிக் குழுவிலோ கேட்டால் உடனே சொல்வார்கள். நெக்கை நேராக்கி, கம்பியை இறக்கி, இன்டொனேஷன் (ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக விழுவது) சரிசெய்து தருவார். சில நூறிலிருந்து ஒன்றிரண்டு ஆயிரம் வரை ஆகும். இந்தப் பட்டியலிலேயே அதிகப் பலன் தருகிற செலவு இதுதான் என்பேன்.

இனி உங்கள் கேள்விகள். சின்ன விரல். 34 அங்குல பேஸில் நட்டுக்கும் (தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் சின்னக் கட்டை) முதல் ஃப்ரெட்டுக்கும் இடையே 48 மில்லிமீட்டர், சாதாரண எலெக்ட்ரிக் கிட்டாரில் 36 தான். அதனால் கிட்டார் மாதிரி ஃப்ரெட்டுக்கு ஒரு விரல் என்று விரிக்கப் போனால் யாருக்குமே வலிக்கும். அந்த இடத்தில் பேஸ்காரர்கள் சுட்டு விரல், நடு விரல், பிறகு மோதிர விரலும் சுண்டு விரலும் சேர்ந்து ஒன்று என்று மூன்று ஃப்ரெட்டுக்குள் வேலையை முடிப்பார்கள். டபுள் பேஸிலிருந்து வந்த பழக்கம். இதைக் கற்றுக்கொண்டால் சிறிய கைக்கு 34 அங்குலம் பெரிய தடை இல்லை. கையைவிட நெக்கின் அகலம்தான் முக்கியம். ஃபெண்டரின் ஜாஸ் பேஸ் வகை நெக் தலைப்பக்கத்தில் 38 மில்லிமீட்டர், பிரிசிஷன் வகை 41-க்கு மேல். மெலிந்த கைக்கு 38 உடனே பிடித்துப்போகும். ஸ்குவையரில் அஃபினிட்டி ஜாஸ் பேஸைக் கையில் எடுத்துப் பாருங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

அப்படியும் சிரமமாக இருந்தால் 30 அங்குல ஷார்ட் ஸ்கேல் வாங்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பால் மெக்கார்ட்னியின் புகழ்பெற்ற வயலின் வடிவ ஹாஃப்னர் ஷார்ட் ஸ்கேல் தான். ஸ்குவையர் பிராங்கோ அந்த அளவில் வருகிறது. ஐபனெஸ் மைக்ரோ இன்னும் சின்னது, 28.6 அங்குலம். அது பள்ளிப் பிள்ளைகளுக்குச் சரி, உங்களுக்கு வேண்டாம். அதில் இ கம்பி கொழகொழவென்று ஆடும்.

ஐந்து கம்பி. சர்ச்சிலும் மேடையிலும் பாடுகிறவர் குரலுக்கேற்ப பாட்டின் சுருதியை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஈ ஃப்ளாட்டிலோ டி-யிலோ பாட்டு வந்தால் நாலு கம்பிக்காரருக்குக் கீழே இடம் இல்லை, மேல் ஆக்டேவுக்குத் தாவ வேண்டும். அதனால் மேடைக்காரர்கள் ஐந்து கம்பி வைத்திருப்பதைப் பார்த்து நீங்களும் ஆசைப்படுவது நியாயமே. ஆனால் அந்த ஐந்தாவது பி கம்பி 31 ஹெர்ட்ஸ் சுருதியில் ஒலிப்பது. மலிவு பேஸில் அது தொளதொளவென்று, நோட்டா இரைச்சலா என்று தெரியாமல் கேட்கும். போதாததற்கு, வாசிக்காத கம்பிகளைக் கைகளால் அடக்கி வைப்பதுதான் புதியவருக்குப் பாதி வேலை. அடக்க வேண்டிய கம்பி ஒன்று கூடுவது சின்ன விஷயமில்லை. இப்போதைக்கு நாலே போதும். டி வரை இறங்க வேண்டிய பாட்டுக்கு இ கம்பியை ஒரு முழு சுரம் தளர்த்திக்கொள்ளலாம். நீங்கள் பிரித்தெடுக்க விரும்பும் எழுபதுகளின் கடைசி, எண்பதுகளின் தொடக்கப் பாடல்கள் ஐந்து கம்பி பரவலாவதற்கு முந்தைய காலத்தவை. இளையராஜாவுக்கு நெடுங்காலம் பேஸ் வாசித்த சசிதரனின் கைவேலையை நாலு கம்பியில் தேடுவதே போதுமான வேலை. பிற்பாடு ரஹ்மானின் பாடல்களில் கீத் பீட்டர்ஸ் என்ன செய்கிறார் என்று கேட்கிற கட்டத்தில் ஐந்து கம்பி பற்றி யோசிக்கலாம்.

ஆக்டிவ் வேண்டாம். உள்ளே 9 வோல்ட் பேட்டரி, சிக்னலைப் பெருக்கும் ஒரு ப்ரீஆம்ப், பேஸ் ட்ரெபிள் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள். நல்ல விஷயம்தான். ஆனால் இந்த விலையில் வரும் ப்ரீஆம்ப்கள் இரைச்சலைக் கூட்டும், சிலவற்றில் பேஸை இன்னும் கொழுக்க வைப்பது மட்டுமே செய்யும். கேபிளைச் சொருகியதும் பேட்டரி வேலை செய்யத் தொடங்கும், கழற்ற மறந்தால் வாசிக்காதபோதும் பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும். ஞாயிறு ஆராதனை நடுவில் பேட்டரி போனால் பேஸே நின்றுவிடும். பாஸிவ் பேஸில் இந்தத் தலைவலி கிடையாது. அதனால்தான் ஜிஎஸ்ஆர் 200-ஐவிட 180-ஐச் சொன்னேன். 200-இல் அந்த பூஸ்ட் சர்க்யூட் இருக்கிறது.

பிஜே ஏன் என்பதற்குக் கொஞ்சம் வரலாறு. லியோ ஃபெண்டர் 1951-இல் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தார். தோளில் மாட்டி, ஃப்ரெட் பார்த்து வாசிக்கும் எலெக்ட்ரிக் பேஸ் வியாபாரத்தில் நிலைத்தது அதிலிருந்துதான். 1957-இல் அதன் பிக்கப்பை இரண்டு துண்டாகப் பிரித்து மாற்றியமைத்தார்கள். ஒரு துண்டு இழுக்கும் மின் இரைச்சலை மற்றது ரத்து செய்துவிடும். கனமான, கிட்டத்தட்ட எந்தப் பாட்டிலும் ஒட்டிக்கொள்ளும் ஒலி அது. 1960-இல் வந்த ஜாஸ் பேஸில் ஒற்றைச் சுருள் பிக்கப் இரண்டு. பிரிட்ஜ் (உடலில் கம்பிகள் முடியும் இடம்) பக்கம் இருப்பது கொஞ்சம் மூக்கால் பேசுவது போன்ற தெளிவான ஒலி தரும், வேகமான வரிகள் அதில் பிரிந்து கேட்கும். பிஜே பேஸில் முதல் வகை நடுவிலும் இரண்டாவது பிரிட்ஜ் பக்கமும் இருக்கும். இரண்டு வால்யூம், ஒரு டோன், அவ்வளவுதான். உங்களுக்கு எந்த ஒலி பிடிக்கும் என்று தெரியாத காலத்தில் இரண்டும் கையில் இருப்பது வசதி.

ஒன்று கவனியுங்கள். ஒற்றைச் சுருள் பிக்கப்பை மட்டும் தனியாகத் திறந்தால் ஹம் வரும், அது அதன் இயல்பு. ஆனால் கம்பியைத் தொடும்போது இரைச்சல் குறைந்து, கையை எடுத்ததும் ‘ஊ...ம்’ என்று கூடினால் வீட்டு பிளக்கில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வாடகை வீடுகளில் மூன்று துளை பிளக் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. வீட்டில் அப்படி ஹம் அடித்துவிட்டு சர்ச்சில் சுத்தமாக ஒலிக்கும் பேஸ்கள் உண்டு. அதற்காக பிக்கப்பை மாற்றச் செலவழிக்க வேண்டாம். தவிர, எர்த் இல்லாமல் இருப்பது உயிருக்கும் நல்லதல்ல.

இப்போது ஆம்ப். நண்பரின் 15 வாட் கிட்டார் ஆம்பில் பேஸைச் சொருகினால் உடனே எதுவும் வெடித்துவிடாது. மெதுவாக வைத்து வாசிக்கலாம். சத்தம் கூட்டினால்தான் ஆபத்து. இ கம்பியின் அடிச்சுருதி 41 ஹெர்ட்ஸ். அதைத் தள்ள சின்ன கிட்டார் ஸ்பீக்கரின் கோன் தன் எல்லையைத் தாண்டி முன்னும் பின்னும் ஓடும், ஒருநாள் கிழியும். இரவல் பொருளை அப்படித் திருப்பிக் கொடுக்க வேண்டாமே. அதைவிட, கீழே வீட்டுக்காரர் இருக்கும்போது பேஸ் ஆம்ப் வாங்குவதே வீண் செலவு. தாழ்ந்த சுருதி தரை வழியாக இறங்கும். நீங்கள் மெதுவாகத்தான் வாசிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், அவர் வீட்டு பாத்திரம் அதிரும்.

உங்களுக்குச் சரியானது ஹெட்ஃபோன் ஆம்ப். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது, பேஸின் ஜாக்கில் நேராகச் சொருகி ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்ளலாம். வாக்ஸ் ஆம்ப்ளக் வரிசையில் பேஸுக்கென்றே தனி மாடல் இருக்கிறது. கிட்டாருக்கானதை மாற்றி வாங்கிவிடாதீர்கள். போனிலிருந்து பாட்டை உள்ளே அனுப்பவும் வழி இருப்பதால் பாட்டோடு சேர்ந்து வாசிக்கலாம். லேப்டாப் இருந்து, நாளைக்கு ரெக்கார்டிங்கும் செய்ய நினைத்தால் ஆடியோ இன்டர்ஃபேஸ் (பேஸை லேப்டாப்போடு இணைக்கும் சின்னப் பெட்டி) நல்ல வழி. இன்ஸ்ட்ருமென்ட் இன்புட் இருக்கும் மாடலாகப் பாருங்கள். ஆம்ப் ஒலியைத் தரும் இலவச மென்பொருள்கள் நிறைய. சொந்த வீடு, தனி அறை என்று என்றாவது அமைந்தால் ஃபெண்டர் ரம்பிள் 25 மாதிரி எட்டு அங்குல ஸ்பீக்கர் உள்ள பேஸ் ஆம்ப் பயிற்சிக்குப் போதும், டிரம்ஸோடு ஈடுகொடுக்க அதுவும் போதாது.

ஹெட்ஃபோனில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். காதை முழுக்க மூடும் வகை, ஒயர் உள்ளது. ப்ளூடூத்தில் விரல் பட்ட பிறகு கொஞ்சம் தாமதமாகத்தான் சத்தம் வரும், தாளமே பிடிக்க முடியாது. போன் ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்டு பேஸ் வரியைப் பிரிக்கவும் முயல வேண்டாம். அந்தச் சின்ன ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸை உண்டாக்கவே முடியாது. அதன் மேல் சுரங்களை மட்டும் கேட்டு மூளை தானாக அடிச்சுருதியை ஊகித்துக்கொள்கிறது. நல்ல ஹெட்ஃபோன் மாட்டிய நாளில்தான் பல பாடல்களின் அடித்தளம் உங்களுக்கு முதல் முறையாகக் கேட்கும்.

சர்ச்சில் ஆம்ப் இல்லாமல் மிக்ஸரில் நேராகச் சொருகச் சொல்வார்கள். பாஸிவ் பேஸை மிக்ஸரின் சாதாரண லைன் இன்புட்டில் கொடுத்தால் ஒலி உயிரில்லாமல், மங்கலாக வரும். பிக்கப் எதிர்பார்க்கும் மின்தடைக்கும் மிக்ஸர் தருவதற்கும் பொருந்தாததுதான் காரணம். நடுவில் ஒரு டிஐ பாக்ஸ் (பேஸின் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சின்னப் பெட்டி) வைத்தால் சரியாகிவிடும். சவுண்ட் பார்ப்பவரிடம் கேளுங்கள், பெரும்பாலும் அலமாரியில் ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும்.

பழையது வாங்கலாமா? தாராளமாக. பேஸ் எளிதில் கெட்டுப்போகிற பொருளில்லை, ஆசைக்கு வாங்கி ஆறே மாதத்தில் விற்கிறவர்களும் நிறைய. பெயின்ட் உரிந்திருந்தால் பேரம் பேசுங்கள், அதற்கு மேல் அதைப் பொருட்படுத்த வேண்டாம். குமிழைத் திருப்பும்போது கரகரவென்றால் கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே அடித்தால் போதும். ஜாக் தளர்ந்திருந்தால் சால்டரிங் வேலை, சின்னதுதான். ஆனால் நெக் முறுக்கிக்கொண்டிருந்தால், தலைப்பகுதியின் கழுத்தில் விரிசல் இருந்தால், ட்ரஸ் ராட் திரும்பவில்லை என்றால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். முறுக்கு தெரிய, பிரிட்ஜ் பக்கம் கண்ணை வைத்து நெக் நெடுக ஒற்றைக் கண்ணால் பாருங்கள், ஃப்ரெட்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று இணையாகத் தெரிய வேண்டும். பத்தாயிரத்துக்கு ஃபெண்டர் என்று யாராவது விற்றால் தலையில் ஒட்டிய பெயரை நம்பாதீர்கள். ஆன்லைனில் ஆம்ப், பை, ஸ்ட்ராப் எல்லாம் சேர்த்து மலிவாக விற்கும் பெயர் தெரியாத காம்போக்களும் அதே வகைதான்.

மாட்டிப் பார்க்காமல் மட்டும் வாங்க வேண்டாம். ஸ்ட்ராப் போட்டு நின்று இரண்டு கையையும் விடுங்கள். தலைப்பக்கம் தானாகக் கீழே சாய்ந்தால், வாசிக்கும் நேரம் முழுக்க இடது கை அதைத் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டிவரும். பேஸ் ஏறக்குறைய நாலு கிலோ. ஆராதனை முழுக்கத் தோளில் தொங்கும். மூன்று அங்குல அகல ஸ்ட்ராப் வாங்குங்கள், மெல்லிய நைலான் பட்டி தோளை அறுக்கும்.

கம்பிகள் பற்றி ஒன்றே ஒன்று. பேஸோடு வருவது ரவுண்ட்வவுண்ட் (மேலே உருண்டை ஒயர் சுற்றியது), பளிச்சென்று உலோக ஒலி தரும். பழைய சினிமாப் பாட்டின் குறுகிய ‘தும், தும்’ அதில் வராது. ஃப்ளாட்வவுண்ட் (தட்டை ஒயர் சுற்றிய) கம்பி போட்டால் பக்கத்தில் போகலாம், ஆனால் விலை அதிகம். அதற்கு முன், பாத்திரம் தேய்க்காத புது ஸ்பாஞ்சை விரல் தடிமனுக்கு வெட்டி, பிரிட்ஜுக்குச் சற்று முன்னால் கம்பிகளுக்கு அடியில் லேசாக ஒட்டினாற்போல் செருகி, டோன் குமிழைப் பாதிக்கு மேல் குறைத்துப் பாருங்கள். பழைய ஃபெண்டர்களில் பிரிட்ஜ் மூடிக்கு அடியில் இப்படித்தான் ஃபோம் வைத்து வந்தது. வாசித்து முடித்ததும் வியர்வையைத் துணியால் துடைத்துவிட்டால் கம்பி பல மாதம் தாங்கும். ட்யூன் செய்யும்போது இ கம்பியை போன் ஆப் பிடிக்கத் தடுமாறினால், பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேர்மேலே விரலால் தொட்டும் தொடாமல் ஹார்மோனிக் எடுத்துக் காட்டுங்கள். ஒரு ஆக்டேவ் மேலே கேட்கும், உடனே பிடித்துக்கொள்ளும்.

முதலில் கிட்டார் கற்றுக்கொண்டுதான் பேஸுக்கு வர வேண்டுமா என்றும் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். கீபோர்டில் இடது கை கார்டின் மூல சுரத்தைப் பிடிக்கிற பழக்கம் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. அதே சுரங்களை இ, ஏ கம்பிகளின் முதல் ஐந்து ஃப்ரெட்டுக்குள் தேடிக் கண்டுபிடியுங்கள். சர்ச்சில் வழக்கமாகப் பாடும் பாடல்களில் பாதியை அதை வைத்தே ஓட்டிவிடலாம். அடுத்த வேலை, அங்கே டிரம்ஸ் வாசிப்பவரோடு சிநேகமாகி, அவர் கிக் டிரம்மை எங்கே மிதிக்கிறார் என்று கேட்டுக்கொண்டு அதே இடத்தில் உங்கள் விரலை வைப்பது.